வழக்கில் ஜெயித்தார்கள், கிடைத்தது 3 டாலர்!

வணக்கம் மக்களே! கிட்டத்தட்ட 170 கோடி டாலர் கேட்டு ஒரு லீக் வழக்குப் போட்டது. "எதிராளி ஏகபோகம் நடத்துவது உண்மைதான்" என்று ஜூரியும், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவும் ஒப்புக்கொண்டது. நஷ்ட ஈடு? ஒரே ஒரு டாலர்.

பின்னணியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்து, அதாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது. அதில் என்எஃப்எல் என்ற லீக்தான் ராஜா. டேவிட் டிக்சன் என்ற நியூ ஆர்லியன்ஸ் பழம்பொருள் வியாபாரிக்கு ஒரு யோசனை: ராஜா ஓய்வெடுக்கும் வசந்த காலத்தில் நாம் ஆடலாம், சம்பளத்தை அடக்கி வைக்கலாம். 1983இல் 12 அணிகளோடு யுஎஸ்எஃப்எல் தொடங்கியது. வழக்குப் போட்ட லீக் இதுதான். அடுத்த வருஷமே 18 அணிகள்! புது முதலாளிகள் கட்டும் நுழைவுக் கட்டணம் இனித்தது. சம்பளக் கட்டுப்பாடு? காற்றில் போச்சு.

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. இந்த லீக்கின் நியூ ஜெர்சி ஜெனரல்ஸ் அணியை ஒருவர் வாங்கினார். பெயர் டொனால்ட் டிரம்ப். ஆமாம், அவரேதான். வசந்தம் வேண்டாம், என்எஃப்எல் ஆடும் இலையுதிர் காலத்திலேயே மோதுவோம் என்று அவர் நெருக்க, 1986 முதல் அப்படியே ஆடுவதென்று முடிவானது. சூப்பர் ஸ்டார் படம் வரும் தீபாவளிக்கு, காலியாகக் கிடந்த தேதியை விட்டுவிட்டு, ஒரு புதுமுகப் படத்தை இறக்குகிற தைரியம் இது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பெரிய டிவி சேனல்களுமே என்எஃப்எல் கையில். யுஎஸ்எஃப்எல்லின் இலையுதிர் கால ஆட்டத்தை ஒளிபரப்ப இந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் என்ன, கோர்ட்தான். "மூன்று சேனலையும் வளைத்துப் போட்டு எங்களை நசுக்குகிறார்கள்" என்பது வாதம். என்எஃப்எல் தரப்போ, "இவர்கள் ஆட வரவில்லை, வழக்கைக் காட்டி எங்களோடு இணையப் பார்க்கிறார்கள்" என்றது. 1986 ஜூலையில் தீர்ப்பு. ஏகபோகம் உண்மை, ஆனால் டிவி குற்றச்சாட்டு எடுபடவில்லை. எதிராளி தப்பு செய்தான் என்று நிரூபித்தால் போதாது சார், உங்கள் நஷ்டம் அந்தத் தப்பால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். இவர்கள் நஷ்டத்தில் பெரும்பங்கு சொந்தச் செலவு!

இதில் எனக்குப் பிடித்த இடம்: ஜூரியில் ஒருவர், நீதிபதி தொகையை ஏற்றிக் கொடுப்பார் என்று நினைத்தாராம். நீதிபதி ஏற்றவில்லை. சட்டம்தான் ஏற்றியது: அமெரிக்க ஏகபோகத் தடைச் சட்டப்படி நஷ்ட ஈடு தானாக மும்மடங்காகும். ஆக 3 டாலர். அப்பீல் எல்லாம் முடிந்து, வட்டியோடு 3 டாலர் 76 சென்ட்டுக்குக் காசோலை வந்தது.

[திரையில்: காசோலை]

அதை யாரும் பணமாக்கவே இல்லை. லீக் 1986இலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டது. யுஎஸ்எஃப்எல்லின் வக்கீல் செலவுக்காக மட்டும் என்எஃப்எல் 55 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கில் உண்மையாக ஜெயித்தது யார் என்று புரிகிறதா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2007இல் போட்டியாக வந்த ஐசிஎல் கிரிக்கெட் லீக்கில் ஆடியவர்களுக்கு பிசிசிஐ தடை போட்டதே, அதில் நம்ம சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் "ஐசிஎல்" என்று போடுங்கள்.