வால்வுக்குப் பக்கத்தில் சட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

மணலியிலோ எண்ணூரிலோ கத்திவாக்கத்திலோ இருந்து கேட்பவர்களுக்கு, காற்று திசை மாறினால் என்ன வாடை வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும் வந்து இறங்கும் ஊர் நம் வடசென்னை. இங்கே ஓர் எரிசக்தி நிறுவனத்தில் சட்டத் துறையையும் காம்ப்ளையன்ஸையும், அதாவது சட்ட நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கும் வேலையையும், சேர்த்துப் பார்த்துக்கொள்பவள் நான்.

சட்டத் துறை என்றதும் ஹைகோர்ட், கறுப்புக் கோட்டு, வாய்தா என்றுதான் நினைப்பீர்கள். எங்கள் வேலையில் வழக்கு கொஞ்சம்தான், நிபந்தனைகள்தான் அதிகம். நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை, சுற்றுச்சூழல் அனுமதி, பெட்ரோலியம் சேமிக்க உரிமம், எல்லாவற்றிலும் பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கும். ஜூன் 1, டிசம்பர் 1, செப்டம்பர் 30 என்று அறிக்கை அனுப்பும் தேதிகள் வேறு. அறிக்கை தேதி தவறாமல் போவது நல்லதுதான். ஆனால் நிபந்தனை நிறைவேறுவது யார் கையில்? அதைத்தான் நான் எங்கே போனாலும் கேட்பேன்.

ஒரு செப்டம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், என் குழுவில் இருந்த இளம் வழக்கறிஞர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நைட் ஷிப்டில் டேங்க்குகள் இருக்கும் இடத்துக்குப் போனேன். எண்ணெய் டேங்க்கைச் சுற்றிச் சுவர் கட்டியிருப்பார்கள். டேங்க் கசிந்தால் எண்ணெய் அதற்குள்ளேயே நிற்பதற்காக. மழை பெய்தால் தண்ணீரும் அதற்குள்தான் நிற்கும். அதை வெளியே விட ஒரு வால்வு. அங்கே இருந்த ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர்.

"அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்குக் கொட்டுது, உள்ள இடுப்பளவு தண்ணி. என்ன செய்வீங்க?"

"தண்ணி ஏறுனா காலி டேங்க் மிதந்துடும் மேடம். மேல இருந்து திறன்னு சொன்னா திறந்துதான் ஆகணும்."

"எண்ணெய் இருக்கான்னு பாப்பீங்களா?"

"டார்ச் அடிச்சுப் பாப்பேன். ராத்திரில எல்லாம் கறுப்பாத்தான் தெரியும்."

ஆற்றிலோ கால்வாயிலோ விடும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. பத்து மில்லிகிராமை டார்ச் வெளிச்சத்தில் யாரால் பார்க்க முடியும்? அவர் மேல் தப்பே இல்லை. நிபந்தனை எங்கள் பீரோவில் இருந்தது, வால்வு அவர் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வால்வுக்குப் பூட்டுப் போட்டோம். சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம். தண்ணீர் முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போக வேண்டும். சாம்பிள் பார்க்காமல் வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது. மழைக்கு முன்பே டேங்க்கில் எவ்வளவு சரக்கு வைத்தால் மிதக்காது என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் மேலாக ஒரு வரி எழுதினோம்: 'திறக்க மாட்டேன்' என்று சொன்ன ஆபரேட்டருக்கு மெமோ கொடுக்கக் கூடாது, ராத்திரி எந்நேரமும் சட்டத் துறைக்கு போன் போடலாம். அந்த ஒரு வரிக்குக் கையெழுத்து வாங்கத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. முடியாது என்று சொல்பவர் பின்னால் நிற்கத்தான் சட்டத் துறைக்குச் சம்பளம். மறுபடியும் சொல்கிறேன், முடியாது என்று சொல்பவர் பின்னால்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் உங்களுக்குத் தெரியும். பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்துப் போனதைப் பார்த்தீர்கள். ஆற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு அந்த ஆறுதான் வயிற்றுப்பாடு.

புயல் வந்தது, நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்க முடியுமா? 1985 டிசம்பரில் டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்தது. போபால் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அதில் நேரும் கேட்டுக்கு அவரே முழுப் பொறுப்பு. இயற்கைச் சீற்றம் என்ற சாக்கும் அங்கே எடுபடாது. நிறுவனம் எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் இயக்குநர்களுக்கு இதை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் எடுத்துச் சொல்கிறேன்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி. பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு, என்ன ஆபத்து, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை நிறுவனம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உங்கள் தெருவுக்கு அது வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பேச வைத்திருந்ததற்கு இனி நேரமில்லை. இந்த வேலைக்கு வந்தால் முதல் மாதத்திலேயே ஒரு நைட் ஷிப்ட் போய்ப் பாருங்கள், மழைக்காலமாக இருந்தால் நல்லது. நன்றி, வணக்கம்.