ராத்திரியே திருகி வச்ச மூடி

வணக்கம். நான் திருமங்கலத்துல தையல் வேலை பாக்குறவ, இருபது வருசத்துக்கு மேல பிளவுஸ் தைக்கிறேன், இப்ப வயசு 48. எனக்கு முடக்குவாதம் இருக்கு, தைராய்டு இருக்கு, சுகரும் இருக்கு. வானொலியில பேசக் கூப்பிட்டப்ப, நோயைப் பத்தி டாக்டருங்கதானே பேசணும், நான் என்னத்தைப் பேசன்னு கேட்டேன். மூணையும் வச்சுக்கிட்டு எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னாங்க. அதுக்கு என்கூட நாலு பொம்பளைங்க இருக்காங்க, அவங்களைப் பத்திப் பேசலாம்னா வர்றேன்னு சொன்னேன்.

முடக்குவாதம்னா வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது வேற இது வேற. நம்ம உடம்புல கிருமியை எதிர்க்கிற சக்தி இருக்குல்ல, அது தப்பா நம்ம மூட்டையே தாக்கும். தைராய்டுலயும் இதே மாதிரி ஒண்ணு உண்டு, ரெண்டும் ஒரே ஆளுக்கு வர்றது நிறைய நடக்குறதுதான்னு டாக்டர் சொன்னாரு. மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு குடுத்தாங்க, அது சுகரை ஏத்தும், எனக்கு ஏற்கெனவே சுகர் வர்ற மாதிரி ஓரத்துலதான் நின்னுச்சு, இந்த மாத்திரை அதைத் தள்ளி விட்டுருச்சு. மூணு சீட்டு, மூணு டாக்டர், மூணு வேற வேற நாள்.

காலையில எந்திரிச்சா ஒண்ணரை மணி நேரம் விரல் மடங்காது. பைப்பைத் திருக முடியாது, புடவைக்குப் பின் குத்த முடியாது, பிரஷ்ஷை உள்ளங்கைக்குள்ள வச்சுத்தான் பல்லு விளக்கணும். பத்து மணிக்கு மேல என்னைத் தெருவுல பாத்தா சாதாரணமா நடந்து போவேன். அதான் பெரிய கஷ்டமே. பாக்குறவங்க நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, அந்தக் காலை ஒண்ணரை மணி நேரத்தைப் பாத்தவங்க யாரும் கிடையாது.

ஒருத்தங்க பாத்துட்டாங்க, பக்கத்து வீட்டு மதினி. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும், போட்டு அரை மணி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி கூட. அது நூறு மாத்திரை உள்ள பாட்டில்ல வரும், மூடி இறுக்கமா இருக்கும். எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர், பாதி நாள் வெளியூர்தான். ஒருநாள் விடியக்காலையில நான் வாசப்படியில உக்காந்து அந்த மூடியைப் பல்லால கடிச்சுத் திருகிட்டு இருந்தேன், மதினி கோலம் போட வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. ஒண்ணும் கேக்கல. அன்னிக்கு ராத்திரி வந்து பாட்டிலை எடுத்து மூடியை லேசா திருகி, சும்மா மேல வச்ச மாதிரி வச்சுட்டுப் போனாங்க. அஞ்சு வருசமாச்சு, ஊர்ல இருந்தா ஒருநாள் தவறுனதில்ல.

அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் எல்லாத்தையும் மறைச்சுத்தான் வச்சிருந்தேன். பொம்பளைக்கு வியாதின்னு தெரிஞ்சா துணி குடுக்க மாட்டாங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்கிறப்ப பேச்சு வரும்னு பயம். என்கூட பள்ளிக்கூடத்துல படிச்சவ ஒருத்தி, அவ மக வளைகாப்புக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போகல, அன்னிக்கு முழங்கால் பந்து மாதிரி வீங்கிருச்சு. வேலை இருந்துச்சுன்னு பொய் சொன்னேன். அடுத்த விசேஷத்துக்கும் அப்படியே ஆச்சு. அவ பேச்சை விட்டுட்டா, பின்னால போய் உண்மையைச் சொன்னேன், முன்னாடியே சொல்லியிருக்கலாம்லன்னு ஒரு வார்த்தை கேட்டா, அதோட சரி. இன்னும் அவ திரும்பி வரல. எனக்கு அது மூட்டு வலியை விட வலிக்குது, இதை இங்க சொல்றது அவ கேட்டாலும் கேப்பாங்கிறதுக்காகவும்தான்.

இப்ப மாத்திரை விசயத்துக்கு வர்றேன், கேக்குறவங்கள்ல ரெண்டு மூணு வியாதி உள்ளவங்க இதை மட்டும் கவனமாக் கேளுங்க. எனக்கு தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்எச்னு ஒரு அளவு பாப்பாங்க, மாத்திரை உடம்புக்குப் பத்தலேன்னா அது கூடுதலா நிக்கும், அது குறையவே இல்ல, ஒவ்வொரு தடவையும் மாத்திரை அளவைக் கூட்டிக்கிட்டே போனாங்க, நான் எந்திரிச்சா மறுபடி படுக்கணும் போல அசதி. என் தோழி ஒருத்தி மளிகை மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறா. ஒருநாள் என் மாத்திரைப் பையைக் கொட்டி, பேரேடு போடுற மாதிரி கோடு கிழிச்சு, எந்த மாத்திரை, எந்த டாக்டர் எழுதுனது, எதுக்கு, எத்தனை மணிக்குன்னு எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதுனா. எழுதிட்டு, ஏண்டி காலையில ஆறு மணிக்கு மட்டும் ரெண்டு டாக்டர் மாத்திரையை ஒண்ணா முழுங்குறியே, இது ரெண்டும் சேரலாமான்னு கேட்டா. ஒண்ணு தைராய்டு மாத்திரை, இன்னொண்ணு ஸ்டீராய்டு போடுறவங்களுக்கு எலும்பு பலத்துக்குக் குடுக்குற கால்சியம். அந்தத் தாளை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போனோம். கால்சியம் கூடப் போச்சுன்னா தைராய்டு மாத்திரை உடம்புல சரியாச் சேராதாம், ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதே கதைதான். கால்சியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாத்துனோம், வேற எதையும் மாத்தல, ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா இறங்கியிருந்துச்சு.

யார் மேலயும் குத்தம் சொல்ல இதைச் சொல்லல. தைராய்டு பாத்தவர் தைராய்டைப் பாத்தாரு, மூட்டு பாத்தவர் மூட்டைப் பாத்தாரு, கூட்டத்துல ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம் கிடைக்கிறதே பெருசு. மூணையும் சேத்துப் பாத்த முதல் ஆளு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைதான். அந்தத் தாள்ல இன்னொரு காரியமும் பண்ணா, முடக்குவாதத்துக்குப் போடுற மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போடணும், தெரியாம தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனால ஞாயித்துக்கிழமைக்கு நேரா சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சா. அந்த மாத்திரையோட சேத்து எழுதிக் குடுக்குற ஃபோலிக் ஆசிட்ங்கிற சத்து மாத்திரை வேற நாள், அது பச்சை வட்டம். அந்தத் தாளோட நகல் மதினி வீட்டு காலண்டர்லயும் தொங்குது.

கடையில என்கூட கொக்கி கட்டுற பொண்ணு ஒண்ணு இருக்கு, சின்னப் பொண்ணு, என்னை அக்காம்பா. விரல் இறுக்கமா இருக்குற நாள்ல வெட்டுறது கூட அவதான், நான் சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுப்பேன். ஒரு தீபாவளி சமயம், வேலை மும்முரத்துல சாப்பிடாம இருந்துட்டேன், சுகர் மாத்திரையை மட்டும் போட்டுட்டேன். திடீர்னு அவகிட்டக் காரணமே இல்லாமக் கத்துறேன், வேர்க்குது, கை நடுங்குது. அது பாவம் நான் கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சு அழுதுக்கிட்டு மூலையில போய் உக்காந்துருச்சு. சுகர் இறங்குனா இப்படித்தான் ஆகும்னு நான் அதுக்குச் சொல்லித் தந்ததே இல்ல, அது என் தப்பு. இப்ப தையல் மிஷின் டிராயர்ல ஒரு டப்பாவுல சீனி இருக்கு. மூணு ஸ்பூன் தண்ணியில கரைச்சுக் குடுக்கணும், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கணும், தெளியலேன்னா இன்னொரு தடவை, அப்புறம் சாப்பாடு. நினைவு இல்லாமப் போயிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108க்குப் போன் போடணும். இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு இப்ப மனப்பாடம், உங்க கூட வேலை பாக்குறவங்களுக்கும் தயவுசெஞ்சு சொல்லி வைங்க.

கேரளாவுல கோழிக்கோட்டுல 1993-ல வலி நிவாரணத்துக்குன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து கிளம்பி இப்ப அங்க நிறைய ஊர்ல அக்கம்பக்கத்து ஜனங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு நாள்பட்ட நோயாளிங்க வீட்டுக்குப் போறாங்க. நம்ம ஊர்ல 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபியும் உண்டு, எனக்கு அது பெரிய உதவி. ஆனா மாத்திரை குடுத்துட்டுப் போறவங்க ராத்திரி மூடி திருக வர முடியாதுல்ல. அதுக்கு ஆளை நாமதான் தேடிக்கணும், தேடணும்னா வாயைத் திறந்து சொல்லணும். என்னால முடியலன்னு பொதுவாச் சொன்னா யாருக்கும் என்ன செய்யணும்னு தெரியாது. வியாழக்கிழமை ரத்த டெஸ்ட்டுக்குக் கூட வர்றியா, பஸ்ல படி ஏற கை குடுக்கணும்னு சொன்னா வந்துருவாங்க.

சொந்தக்காரங்க ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஒரு தடவை ஸ்டீராய்டை நானா சட்டுனு நிறுத்தி, எந்திரிக்க முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தேன். அதை டாக்டர் சொல்லி கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். அன்னிக்குப் பக்கத்துப் பெட்டுல இருந்த அம்மாதான் என்னோட நாலாவது தோழி, எங்க ஊர்ல இருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளி இருக்காங்க. என்னை விட மூத்தவங்க, சுகர், பிரஷர், கண்ணுல வேற பிரச்சினை.

சுகர் உள்ளவங்க தினமும் பாதத்தைப் பாக்கணும், சின்ன வெட்டு, கொப்புளம் இருந்தா கூட வலி தெரியாமப் பெருசாயிரும். எனக்கு முழங்கால் மடங்காது, என் பாதத்தை நானே பாக்க முடியாது. வீட்டுல மத்த நாள்ல என் மக பாத்துருவா. அந்த அம்மாவுக்குக் குனிய முடியும், ஆனா கண்ணு தெரியல. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தப்ப, வா என் காலைப் பாருன்னு நீட்டிட்டாங்க. பாத்தேன். அப்புறம் என் காலைத் தூக்கி அவங்க மடியில வச்சாங்க, நான் பதறிப்போய் இழுத்துக்கிட்டேன், மூத்தவங்க என் காலைத் தொடுறதான்னு. கூச்சப்படாத, எனக்குக் கண்ணுதான் மங்கல், விரல் நல்லாத்தான் இருக்கு, தடவிப் பாத்தே சொல்லிருவேன்னாங்க. இடது குதிகால்ல ஒரு வெடிப்பு இருந்துச்சு, அவங்க விரல்தான் அதைக் கண்டுபிடிச்சுது.

அன்னில இருந்து ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருவாங்க. முதல்ல அவங்க கால், அப்புறம் என் கால், அது முடிஞ்சதும் எனக்கு சிவப்பு வட்டத்து மாத்திரை. நாளைக்கும் வருவாங்க. நன்றி, வணக்கம்.