சியுல் கேட்கும் காடு

அவையோருக்கு வணக்கம்.

கௌதாரி என்றதும் நம்மில் பலருக்கு ஊர் நினைவுதான் வரும்: முள்காட்டு ஓரம், புழுதி, விடியலில் கேட்கும் அந்தக் கத்தல். நான் பேச வந்தது கொண்டைக் கௌதாரியைப் பற்றி. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் தாழ்நில மழைக்காட்டில், வெயில் எட்டாத தரையில் வாழ்வது. மலாய்க்காரர்கள் அதைச் சியுல் என்கிறார்கள். சியுல் என்றால் சீழ்க்கை.

மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவில் ஒரு காலை, மரவேரில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் சருகு புரளும் ஓசை. பிறகு ஆண் வந்தது. கருநீலமும் பச்சையும் மின்னும் உடல்; தலையில் தூரிகையை நிமிர்த்தி வைத்தாற்போல் செங்கொண்டை; கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். பின்னால் கொண்டையில்லாத பச்சைப் பெட்டை. மரத்துப்போன காலைச் சற்று நகர்த்தினேன். இரண்டையும் காணவில்லை.

கோழிக்குஞ்சு பொரிந்ததும் தானே கொத்தித் தின்னும். சியுல் குஞ்சுக்கு அலகோடு அலகு வைத்து ஊட்ட வேண்டும். கூட்டுக்குச் சருகாலேயே கூரை போடும். காட்டுப்பன்றி கிளறிய இடத்தில் சிந்திய பழத்தைப் பொறுக்கும். ஆக, பன்றி வேண்டும், பழம் உதிர்க்கும் பெருமரம் வேண்டும், சருகு வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டிக் கோலாலம்பூருக்குப் பேருந்தில் போனால் வழிநெடுக செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. "எவ்வளவு காடு!" என்று பக்கத்து இருக்கைக்காரர் மகிழ்ந்தார். எனக்கு நெஞ்சு கனத்தது. அது காடன்று, ஒரே மரத்தின் வரிசை. சமநிலம் பயிருக்கு ஏற்றது என்பதால் தாழ்நிலக் காடுதான் முதலில் வெட்டுப்பட்டது. வெட்டிப் பால்மரம் என்ற ரப்பர் மரம் நட்ட கைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் கைகளும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நமக்கு அந்த நெருக்கடி இல்லையே!

நம் தீவையும் பாருங்கள். 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது. பிளந்ததை ஒட்ட 2013இல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளப் பாலம் கட்டி, மண் கொட்டி, மரம் நட்டோம். இன்று எறும்புண்ணி அதில் நடக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் தையலே தேவைப்பட்டிருக்காது.

பள்ளி விடுமுறையில் எல்லை தாண்டும்போது, எது காடு, எது தோட்டம் என்று ஜன்னல் வழியே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு நாள் தாமான் நெகாராவுக்கும் அழைத்துப் போங்கள். விடியுமுன்னே எழுப்பிவிடுங்கள், சீழ்க்கை அப்போதுதான் கேட்கும்.