கோபத்துக்குத் தேதி போடுங்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 'பணியிடத்தில் மன உளைச்சலைச் சமாளிப்பது எப்படி' என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்லித்தர ஆள் வருகிறது என்று நினைத்து யாராவது வந்திருந்தால் மன்னிக்கணும். மூச்சுப் பயிற்சி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் காலையிலிருந்து ராத்திரி கடை சாத்தும் வரை நின்ற காலுக்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? நாற்காலி வேண்டும்.

நாற்காலி என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற யாரும் சிரிக்கவில்லை, கவனித்தேன்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு. அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார அனுமதி இல்லை, பல கடைகளில் கழிப்பறையும் இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு உடம்பு என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது எத்தனையோ வருஷமாக அவரவர் உடம்புக் கோளாறாகவே இருந்தது. வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாள் வந்து நிற்க வேண்டியதுதான். விஜி என்கிற தையல்காரப் பெண்மணி இவர்களை ஒன்று சேர்த்தார். 'பெண்கூட்டு' என்று அமைப்புக்குப் பெயர். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் வருடத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது.

இருக்கையைப் போட்டுவிட்டு அதன்மேல் துணிப் பெட்டியை அடுக்கி வைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அது தனிக் கதை.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். 'முதலாளி ஈவிரக்கம் இல்லாதவர்' என்பது அந்தப் பெண்களின் கோரிக்கை இல்லை. அது உண்மையாகவே இருந்தாலும், எந்த அதிகாரியும் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'உட்கார இடம் இல்லை' என்றால் எவரும் வந்து கண்ணால் பார்க்கலாம். கடைக்காரர் மறுக்க முடியாது.

நம் சென்னையிலும் இப்படித்தான் தொடங்கியது. பெரம்பூரில் பக்கிங்காம் மில், கர்நாட்டிக் மில் என்று இரண்டு இருந்தன, பின்னி கம்பெனியுடையவை. அங்கிருந்த தொழிலாளிகள், அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜுலு நாயுடுவிடமும் வந்து குறை சொன்னார்கள். மத்தியானம் சாப்பிட விடுகிற நேரம் போதவில்லை, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பதும் அந்தக் குறைகளில் ஒன்று. சோற்று நேரத்துச் சங்கதி! 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். கம்பெனி சும்மா இருக்கவில்லை, உயர் நீதிமன்றம் போய்ச் சங்கத் தலைவர்கள் மீது தடை வாங்கியது. சங்கம் வைத்ததற்காக ஒருவர்மேல் வழக்குப் போட முடிகிறதே என்று நாடே பேசிய பிறகு, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் வேலை போனவர்களும் அடி வாங்கியவர்களும் உண்டு. கேட்டவுடனே கிடைத்துவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் வரவில்லை.

சரி, இப்போது உங்கள் ஃப்ளோருக்கு வருவோம். 'சூப்பர்வைசர் எப்பவும் என்னையே குறி வைக்கிறாருங்க.' லேபர் ஆபீஸில் இதைச் சொன்னால் அனுதாபமாகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இதையே ஒரு நோட்டில் இப்படி எழுதிப் பாருங்கள்: இந்தத் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு டியூட்டி. அடுத்த ஞாயிறும் எனக்கு. அதற்கடுத்ததும் எனக்கே. மாற்று விடுமுறை தரவில்லை. கேட்டதற்கு இன்னார் முன்னிலையில் இன்ன வார்த்தை சொன்னார். அன்றைக்கே, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எழுதிவிடுங்கள். ஒரு மாதம் எழுதினால் இரண்டில் ஒன்று தெரியும். அவர் நிஜமாகவே உங்களைக் குறிவைக்கிறாரா, அல்லது எல்லோரிடமும் அப்படித்தான் குரைக்கிறாரா என்பது. இரண்டாவதாக இருந்தால் உங்களுக்குத் துணை நிறைய இருக்கிறது.

சம்பளத்தில் அபராதம் என்று பிடிக்கிறார்களா? உங்களிடம் விளக்கம் கேட்காமல் அபராதம் போட முடியாது. போட்டாலும் ஒரு சம்பளக் காலத்துக்கு மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கடை ஊழியராக ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணம் இல்லாமல் 'நாளையிலிருந்து வராதே' என்று அனுப்ப முடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் புகாரை விசாரிக்க உள் குழு, சின்ன இடமாக இருந்தால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர் குழு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும். தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

மெமோ வந்தால் வாங்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். மறுத்தீர்கள் என்பதே இன்னொரு குற்றச்சாட்டாகிவிடும். வாங்கிக்கொண்டு, சொன்ன நாளுக்குள் பதில் எழுதிக் கொடுங்கள். பதிலின் நகலில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்துக் கேளுங்கள். தரவில்லையென்றால் பதிவுத் தபால் இருக்கவே இருக்கிறது.

இப்படியெல்லாம் எழுதிக் காட்ட முடியாத அநியாயமும் உண்டு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதைதான். நீங்கள் போட்ட ரிப்போர்ட்டை மேனேஜர் தன் பெயரில் அனுப்பிப் பாராட்டு வாங்குவார். இன்கிரிமென்ட் அவருடைய சொந்தக்காரப் பையனுக்குப் போகும். இதற்குச் சட்டத்தில் பிரிவு தேடினால் ஏமாற்றம்தான். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்காமல் மெயிலில், நாலு பேருக்கு நகல் வைத்து அனுப்புவது ஓரளவு உதவும். மற்றபடி, அங்கே எத்தனை நாள் இருக்கப் போகிறோம் என்று நிதானமாகக் கணக்குப் போட வேண்டிய விஷயம் இது. பொறுத்துப் போ என்று வீட்டில் சொல்வார்கள், பையனின் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும் என்றும் சொல்வார்கள். அதைக் கோழைத்தனம் என்று மேடையில் நின்று பழிக்க எனக்கு வாய் வராது. ஃபீஸை நான் கட்டப்போவதில்லையே!

ஆனால் பொறுத்துப் போகிறேன் என்று முடிவு எடுத்தவர், அங்கே முழுங்கியதை வீட்டுக்கு வந்து மனைவி மேலும் பிள்ளை மேலும் கக்கினால் அதற்குப் பொறுமை என்று பெயர் இல்லை. சம்பளம் வாங்காதவர்கள் ஏன் திட்டு வாங்க வேண்டும்? கூட வேலை பார்க்கிற ஒருவரிடமாவது மனம் விட்டுப் பேசுங்கள், டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசுங்கள். பெரம்பூரில் சங்கம் வருவதற்கு முன்னால் நடந்ததும் அதுதான்.

விட்டுவிட்டுப் போவதென்று தீர்மானித்தால் கோபத்தில் எழுந்து போய்விடாதீர்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுங்கள். ரிலீவிங் லெட்டர், சம்பள பாக்கி, பி.எஃப். விவரம், மூன்றையும் கேட்டு வாங்குங்கள். 'எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய தாளை நீட்டினால், பணம் வந்த பிறகு கையெழுத்து. வெற்றுத் தாளை நீட்டினால் எப்போதும் இல்லை.

என் நேரம் தாண்டிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்வரிசையில் அந்த அம்மா அப்போதே பிடித்துக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கம்மா.