மார்க் போடுவது யார்?

நடுவர் அவர்களே, இரு அணியினரே, சாப்பாடு எப்போது என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"காதலியை நண்பனுக்குப் பிடிக்கவில்லை என்றால், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதா, அவனைக் கத்தரித்துவிடுவதா?" கேட்பதே என்று பேச வந்திருக்கிறேன். தலைப்பு இருக்கட்டும், எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டாரே, முதலில் அதற்கு வருகிறேன்.

"காதலிப்பது நான், மார்க் போடுவது அவனா?" என்றார். கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். அண்ணே, இந்தப் பேச்சை நேற்று ராத்திரி யாரிடம் பேசிக் காட்டினீர்கள்? அதோ, பக்கத்து நாற்காலி நண்பரிடம். "அந்த மாமியார் ஜோக் மட்டும் வேண்டாம்" என்று அவர் சொன்னாராம். நீங்கள் கேட்கவில்லை. பலனை இந்த மண்டபமே அனுபவித்தது!

சரி, கதைக்கு வருவோம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் எங்களோடு ஒருவன் இருந்தான். அவனுடைய ஊர்க்காரச் சிநேகிதன் நைட் ஷிஃப்டில் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "மச்சான், அந்தப் பொண்ணு உனக்கு செட் ஆகாதுடா." இவன் என்ன செய்திருக்க வேண்டும்? "ஏன்டா?" என்று கேட்டிருக்க வேண்டும். அதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு ஃபார்வர்டு செய்தான்! பின்வரிசைக்குக் கேட்டதா? அந்தப் பெண்ணுக்கே! "உனக்காக யாரையெல்லாம் எதிர்க்கிறேன் பார்" என்று ஓர் இதயம் வேறு போட்டு!

கல்யாணம் நடந்தது. அதே பெண்தான். சிநேகிதன் மொய்க் கவரோடு மேடை ஏறுகிறான். மணப்பெண் கவரை வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக, "அண்ணா, இப்போ செட் ஆகுதா?" என்கிறாள். விவரம் தெரியாத போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிங்க" என்கிறார். எங்கே சிரிக்க? ஆல்பத்தில் பார்த்தேன். மாப்பிள்ளை மாலைக்குள் முகத்தை ஒளித்திருக்கிறான். சிநேகிதன் நீட்டிய கையை மடக்க மறந்து நிற்கிறான். பந்தியில் உட்காராமலே போய்விட்டான், நடுவர் அவர்களே. பாயசத்தையே விட்டுப் போனான் என்றால் பாருங்கள்!

இது இன்றைக்கு வந்த வழக்கா? குறுந்தொகை 58ஆம் பாட்டு, வெள்ளிவீதியார் பாடியது. காதலில் தவிக்கும் தலைவனைத் தோழன் இடித்துரைக்கிறான். "உன் வேலையைப் பார்" என்றா தலைவன் சொன்னான்? "இடிக்கும் கேளிர்" என்று உறவாகக் கூப்பிட்டு, உங்களால் இதை நிறுத்த முடிந்தால் நல்லதுதான் என்கிறான். அப்புறம் தன் நிலையைச் சொல்கிறான்: வெயில் காயும் பாறையில் வெண்ணெய், காவலிருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் பார்க்கத்தான் முடியும். தோழனையும் திட்டவில்லை, காதலியையும் விட்டுக்கொடுக்கவில்லை. நம்மாள் போல ஃபார்வர்டும் செய்யவில்லை.

பிற்பாடு அந்தச் சிநேகிதனிடம் நான் கேட்டேன், ஏனப்பா அப்படிச் சொன்னாய் என்று. "அந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்லண்ணே. அவளோட சண்டைன்னா இவன் ரெண்டு நாள் சாப்பிட மாட்டான். வெறும் டீதான். இவங்க அம்மா எனக்குத்தான் போன் பண்ணி, 'தம்பி, புள்ள சாப்பிட்டானா'ன்னு கேப்பாங்க. எத்தனை நாள்தான் பொய் சொல்றது?"

அவ்வளவுதானய்யா அவன் கண்ட குறை! அந்தத் தாய்க்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்த வாய்தான் அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பியது. நடுவர் அவர்களே, தலைப்பு எக்கேடும் கெடட்டும், தீர்ப்பை அந்தச் சிநேகிதன் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.