ஆழ்கடல் மீன்ல பூச்சிமருந்து இருக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

"கரையோர மீன்லதான் பூச்சிமருந்து இருக்கும், ஆழ்கடல் மீன் சுத்தம், பயமில்லாம சாப்பிடலாம்தானே சார்?"னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி, என்னை விடவே இல்ல. டிடிடிங்கற பூச்சிமருந்தாலதான் கழுகு முட்டை ஓடு மெலிஞ்சதுன்னு முன்னாடி ஒரு வீடியோவுல பேசினோம். அதேதான் இங்கயும்.

டிடிடி பூச்சியைக் கொல்லும்னு 1939ல கண்டுபிடிச்ச விஞ்ஞானி பால் முல்லருக்கு 1948ல நோபல் பரிசே கொடுத்தாங்க. 1960கள்ல பார்த்தா, அண்டார்டிகா பெங்குவின் கொழுப்புல டிடிடி! அங்க எவன் வயலுக்கு மருந்தடிச்சான்? காத்துல போகுது, தண்ணியில போகுது. அதனால தூரத்தைப் பார்க்காதீங்க, கொழுப்பைப் பாருங்க. டிடிடி தண்ணியில கரையாது, கொழுப்புலதான் போய் ஒட்டிக்கும். சின்னதைப் பெருசு தின்னத் தின்ன, கூடிக்கிட்டே போகும்.

சரி, ஆழத்துக்கு எப்படிப் போகுது? மேல செத்த நுண்ணுயிர், மீன் கழிவு எல்லாம் ராப்பகலா கீழ விழுந்துக்கிட்டே இருக்கு. ஆழத்துல இருக்கறதுக்கு அதுதான் சாப்பாடு. மருந்தும் அதோட சேர்ந்தே இறங்குது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கடல்ல டிடிடி ஆலைக் கழிவை வருஷக்கணக்கா கொட்டினாங்க. அமெரிக்காவுல 1972ல தடை வந்துடுச்சு. ஆனா 2024ல வந்த ஆய்வுல, அங்க ஆழத்துல வாழற மீன்கள்ல அந்த ரசாயனம் இன்னும் இருக்கு. அதுல ஒரு வகை, உடம்பெல்லாம் ஒளிப்புள்ளி வெச்ச சின்ன மீனு. பகல்ல ஆழத்துல கிடக்கும், ராத்திரி மேல வந்து இரை தேடும். அதைப் பெரிய மீன் பிடிச்சுத் தின்னும். போனது திரும்பி மேல வந்தாச்சு, பாருங்க!

பசிபிக் கடல்ல இருக்கற மரியானா அகழிதான் உலகத்துலயே ஆழமான கடல் பள்ளம். அங்க 10,000 மீட்டர் ஆழத்துல இறால் மாதிரி ஒரு ஜீவன். மாசுபட்ட ஆத்துத் தண்ணி பாயுற வயல் நண்டைவிட அதுல பிசிபிங்கற ரசாயனம் 50 மடங்குன்னு 2017ல சொன்னாங்க. பிசிபி பூச்சிமருந்து இல்ல, மின்கருவி எண்ணெய்ல போட்டது. ஆனா குணம் ஒண்ணுதான், கொழுப்பைத் தேடிப் போகும்.

அப்போ ஆழ்கடல் மீனா, கரை மீனாங்கறதைவிட, மீன்ல எந்தப் பகுதின்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷம். எண்ணெய்க் கறை பட்ட துணியை வெறும் தண்ணியில அலசினா போகுமா? மீனைக் கழுவினாலும் அப்படித்தான். கல்லீரல், வயித்துக் கொழுப்பு, தோல், இதை எடுத்துடுங்க. சுட்டுச் சாப்பிட்டா வடியற கொழுப்போட கொஞ்சம் போயிடும். அதை எடுத்துக் குழம்புல ஊத்தாதீங்க. மீன் கல்லீரல் எண்ணெய் குடிக்கறவங்க, சுத்திகரிச்சதான்னு லேபிளைப் பார்த்துட்டு வாங்குங்க. அடுத்த கேள்வி?