போர்ஷே 911: ஆயில் மட்டத்தை இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டியது ஏன்?

அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1987ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா இருக்கிறது. காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்த்தால் டிப்ஸ்டிக்கின் (ஆயில் மட்டத்தை அளக்கும் குச்சி) நுனியில்கூட ஆயில் ஒட்டுவதில்லை. ஒன்றரை லிட்டர் ஊற்றி ஓட்டினேன். பின்னால் நீலப் புகை கிளம்பியது. எப்படிப் பார்ப்பதுதான் சரி?"

உங்கள் வண்டியில் ஆயில் குறைந்திருக்கவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. சாதாரணக் கார்களில் ஆயில் முழுவதும் இஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்ற தட்டிலேயே தங்கும். அதனால் இஞ்சினை நிறுத்தி, மேலே உள்ள ஆயில் வடிந்து இறங்கச் சில நிமிடங்கள் விட்டு அளக்கிறோம். 1964 முதல் 1998 வரை வந்த காற்றால் குளிரும் 911 வண்டிகளிலோ டிரை சம்ப் முறை இருக்கிறது. அதாவது, இஞ்சினுக்குள் விழும் ஆயிலை ஒரு பம்ப் உடனுக்குடன் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்ப, அங்கிருந்து இன்னொரு பம்ப் அதை அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குக் கொண்டுபோகிறது. டிப்ஸ்டிக் இருப்பது அந்தத் தொட்டியில். இஞ்சின் நின்றபின் தொட்டி ஆயில் பம்ப்பின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மெல்லக் கசிந்து இஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் சேர்ந்துவிடுவதால், மறுநாள் காலையில் நீங்கள் பார்ப்பது பாதி காலியான தொட்டியைத்தான்.

ஆகவே, ஆயில் வெப்பநிலை சுமார் 90 டிகிரியை எட்டும்வரை நன்றாக ஓட்டுங்கள். ஏறத்தாழ 85 டிகிரியில்தான் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறக்கும் வால்வு) திறந்து, முன்பக்க வலது ஃபெண்டருக்குள் இருக்கும் ஆயில் கூலருக்கு வழிவிடும். அதற்கு முன் அளந்தால் கூலருக்குப் போக வேண்டிய ஆயிலும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு சமதளத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெல்ல ஓடும் நிலையில்) விட்டு, ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் முழுவதுமாகச் செருகி எடுத்துப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஐடில் தடுமாறும். கவலை வேண்டாம், உங்கள் வண்டியில் அது நல்ல அறிகுறிதான்.

இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் போதும். மேல்கோட்டைத் தொட வைக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தால் அரை லிட்டர் மட்டும் ஊற்றி, சற்று நேரம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். தொட்டி நிரம்பி வழியும்போது மிகுதி ஆயில் தொட்டியின் மூச்சுக்குழாய் வழியே காற்று உட்புகும் பாதைக்குள் போய் எரிகிறது. நீங்கள் கண்ட நீலப் புகை பெரும்பாலும் அதுதான். இப்போது சூடான நிலையில் அளந்து, மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் மிகுதியை வடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து ஆயில் தேங்கியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் பெட்ரோல் மானியோடு சேர்ந்திருக்கும் ஆயில் மட்ட முள்ளையும் இதே போல, சூடான இஞ்சின் சமதளத்தில் ஐடிலில் இருக்கும்போது மட்டுமே நம்பலாம். வண்டி சாலையில் ஓடும்போது அது அடிக்குப் போய்ப் படுத்துவிடுவது இயல்பு. அதைக் கண்டு பதறி ஆயில் ஊற்றியவர்கள் பலர்.